ஒரு விளம்பரத்துக்காகக் கூப்பிட்டேன்

பால் கறக்கும் முன்பு கன்றை அவிழ்த்துவிட்டு, "வாடி தங்கம், வா!" என்று கூப்பிடுவேன். எங்கள் செவலைக் கன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து தாயின் மடியை முட்டும். அது நாலு வாய் குடித்தால்தான் மாட்டுக்குப் பால் சுரக்கும். அப்புறம்தான் நான் செம்போடு உட்காருவேன். நான் கூப்பிட்டால் பால் உண்டு என்று அதற்குத் தெரியும். அந்த ஓட்டத்தை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

கெடுத்தது நான்தான். டீத்தூள் விளம்பரம் எடுக்கச் சென்னையிலிருந்து பாகூர் ஏரிக்கரைக்கு ஒரு வேன் வந்தது. தாயைப் பார்த்துக் கன்று ஓடிவர வேண்டுமாம். ஊரில் அத்தனை மாடு இருக்க, எங்கள் மாட்டைத்தான் அவர்களுக்குப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தேன். காலையில் கன்றை ஊட்டவிட வேண்டாம், பசி இருந்தால்தான் ஓடும் என்று படம் எடுக்க வந்த தம்பி சொன்னபோதும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

அவர்கள் கூப்பிட்டு அது வரவில்லை. "அக்கா, நீங்களே கூப்பிடுங்க" என்றார் அந்தத் தம்பி. கேமராவில் விழாமல் மாட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். பறந்து வந்தது. மடியில் வாய் வைப்பதற்குள் ஓர் ஆள் பிடித்து இழுத்துப் போனான். வெளிச்சம் சரியில்லையாம். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி இழுத்தார்கள். தாயின் காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

"இன்னாபா இது, ரெண்டு வாய் குடிக்க வுடுங்களேன்" என்றேன்.

"குடிச்சிட்டா ஓடாதுக்கா. இன்னும் ஒரே ஒரு டேக்."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "போதும்டி, ஓட்டிக்கினு வூட்டுக்குப் போலாம்" என்றார். எனக்கு டிவி ஆசை கண்ணை மறைத்தது. "சும்மா இருய்யா" என்று அவர் வாயை அடைத்துவிட்டு இன்னும் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் கன்று பாதி வழியில் நின்றுவிட்டது. தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. "பரவால்லக்கா, முன்னாடி எடுத்ததே போதும்" என்றார் தம்பி. அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் தொழுவத்தில் அவிழ்த்துவிட்டு வழக்கம்போல் கூப்பிட்டேன். நகரவில்லை. வீட்டுக்காரர் முதுகைத் தட்டி, "போ போ" என்றதும் போய்க் குடித்தது. அடுத்த வாரமும் அப்படித்தான். வெல்லம் கொடுத்தேன், கழுத்தைச் சொறிந்துவிட்டேன், வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கூப்பிட்டால் மட்டும் வராது.

விளம்பரம் என் செல்போனில் இருக்கிறது. வாலைத் தூக்கிக்கொண்டு அது ஓடிவருவதை நாளுக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுகிறேன். என் குரலை எடுத்துவிட்டு அங்கே பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது செவலையே கன்று போட்டுவிட்டது. அந்தக் குட்டியைக் கூப்பிட எனக்குக் கொள்ளை ஆசை. "வாடி தங்கம்" என்று வாய் வரை வந்துவிடும். செவலை தலையைத் திருப்பி என்னைப் பார்க்கும். வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நான் செம்பைக் கழுவப் போய்விடுவேன்.