சாம்பலுக்கு ஒரு குடம் தண்ணீர்

என் வீட்டுப் புறவாசலில், குழாயடியில், கழுத்து நெளிந்த பித்தளைக் குடம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கக் கரியேறிக் கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று வீட்டில் சொல்லாத நாள் இல்லை. நான் தேய்க்க விட்டதில்லை. அது என் மதினியின் குடம்.

மதினி, என் அண்ணன் மனைவி, பசுவந்தனைப் பக்கமிருந்து வாழ வந்தவர். ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் கோவில்பட்டியின் ஓரத்தில், கரிசல் காடு தொடங்குகிற தெருவில் குடியிருந்தோம். நான் பருத்தி அரைவை ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் மதினிக்கு வாய்த்த ஒரே துணை, முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஒற்றை எருமையை வைத்துப் பிழைத்த பால்கார அக்கா. பிள்ளை குட்டி இல்லாத தனிக்கட்டை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று பேசுகிற பேச்சுக்கு முடிவே இருக்காது. "அப்படி என்னத்தத்தான் பேசுதீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிவிடுவார்கள்.

குப்பை எரிப்பதற்குத் தெருவில் சட்டம் உண்டு. சுகாதார மேஸ்திரி வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போவார். "காத்து கெளம்புறதுக்கு முந்தி காலையிலயே கொளுத்துங்க. பருத்திமார்ப் படப்புகிட்ட வேண்டாம். பக்கத்துல ஒரு குடம் தண்ணி வச்சுக்கிடுங்க. முடிஞ்சதும் ஊத்திட்டு, சாம்பல்ல புறங்கையை வச்சுப் பாருங்க."

எல்லாம் சரிதான். மழை பொய்த்து, ஊரே தண்ணீருக்கு அலைகிற காலத்தில் சாம்பலுக்கு ஒரு குடம் ஊற்று என்று சொல்ல இந்த மனுசனுக்கு எப்படி வாய் வருகிறது என்று பெண்கள் சிரிப்பார்கள். அவர் சொல்லுக்காகக் குடத்தைப் பக்கத்தில் வைப்பார்கள். எரிந்து முடிந்ததும் அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். கோடையில் கரிசல் மண் முழங்கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மிச்சக் கங்குகளை அந்த வெடிப்புக்குள் தள்ளி, மேலே மண்ணைக் காலால் இழுத்து மூடிவிடுவதுதான் எங்கள் தெரு வழக்கம். "மண்ணு தின்னுரும்" என்பார்கள். அந்த வெடிப்பு எங்கே போய் முடிகிறது என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை.

ஆனி மாதம் அது. மதினி வேப்பஞ்சருகையும் முருங்கைக் குச்சிகளையும் கூட்டிக் கொளுத்தினார். நான் வேலைக்குப் புறப்படும்போது தீ அடங்கியிருந்தது. மதினி கங்கைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்கே இதுதான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே, விளக்குமாற்றால் கங்கை வெடிப்புக்குள் தள்ளினார். எனக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

வெடிப்பு வேலிக்கு அடியில் ஓடி, அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திச் செடிகளை அடுக்கி வைத்திருந்த அக்காவின் பருத்திமார்ப் படப்புக்குக் கீழே போயிருந்தது. உள்ளே வருசக்கணக்கான சருகு. கங்கு அதைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே ஊர்ந்திருக்கிறது. மத்தியானம் காற்று கிளம்பியதும் படப்பு எரிந்தது. அதிலிருந்து எருமைத் தொழுவின் கூரை. அக்கா உள்ளே பாய்ந்து எருமையை அவிழ்க்கப் போனார். அது மிரண்டு இழுத்ததில் முடிச்சு இறுகிவிட்டது. அவிழ்ப்பதற்குள் கூரை சரிந்து இரண்டு கைகளிலும் விழுந்தது. கயிறு எரிந்து அறுந்து எருமை தப்பிவிட்டது. மதினி குடத்தோடு முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடி, அவ்வளவு தண்ணீரையும் அக்காவின் கைகளில் ஊற்றிவிட்டு, காலிக் குடத்தை எரிகிற படப்பின் ஓரத்திலேயே போட்டுவிட்டார்.

மறுநாள் மேஸ்திரி வந்து மண்வெட்டியால் வெடிப்பைப் பிளந்து காட்டினார். எங்கள் புறவாசலிலிருந்து படப்பு வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மதினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்காவின் விரல்கள் மடங்கியபடியே ஆறின. அதன் பிறகு எருமையைக் கறந்தது மதினி. அக்காவுக்குத் தலை பின்னிவிட்டது மதினி. அக்கா ஒரு நாளும் குறை சொல்லவில்லை. "தண்ணி இருந்தா நீ ஊத்தியிருக்க மாட்டியாட்டி?" என்று மட்டும் கேட்பார். தண்ணீர் இருந்தது. மதினி தலையைக் குனிந்துகொள்வார். அந்த ஒரு கேள்வி அவரை வருசக்கணக்கில் அரித்தது.

அதிலிருந்து எந்தச் சாம்பலானாலும் மதினி முழுக் குடத்தையும் கவிழ்ப்பார். கருகிய அதே குடம்தான். "குடிக்கத் தண்ணி இல்ல, சாம்பலுக்கு ஊத்துதியே, ஒனக்கென்ன கிறுக்கா?" என்று அண்ணன் கத்துவான். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. மதினி சாம்பலில் புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அறுபதுகளில், தண்ணீர் இல்லாத இன்னொரு கோடையில், மஞ்சள் காமாலை வந்து மதினி போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலை சுடுகாட்டுச் சாம்பலைப் பால் தெளித்து ஆற்றப் புறப்பட்டோம். அக்கா வாசலில் நின்றிருந்தார். யாரையோ பிடித்து எருமையைக் கறக்கச் சொல்லிப் பால் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் மதினியின் குடம், நிறையத் தண்ணீரோடு. அந்தத் தண்ணீருக்கு அவர் எங்கெல்லாம் போய் நின்றாரோ தெரியாது.

"தம்பி, எல்லாத்தையும் ஊத்திருங்க. கையை வச்சுப் பாத்துட்டு வாங்க. சூடு இருந்தா அவ தூங்க மாட்டா."

ஊற்றினேன். புறங்கையை வைத்துப் பார்த்தேன். அடியில் எங்கேயோ இன்னும் சூடு இருந்தது. குடத்தில் தண்ணீர் இல்லை. திரும்பி வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தார். "ஆறிட்டுதுக்கா" என்றேன்.

இப்போது குப்பையை வண்டி வந்து வாங்கிக்கொண்டு போகிறது. எங்கள் தெருவில் யாரும் எரிப்பதில்லை. ஆனாலும் காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் முதலில் அந்தக் குடத்தைத்தான் நிரப்பி வைக்கிறேன்.