முக்கு அக்காவுக்குத் தொண்டை கட்டிய நாள்

பிரசவ வார்டில் எல்லோருக்கும் அவள் முக்கு அக்கா. தெருமுக்குக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. வலி உச்சத்துக்கு வந்ததும், "மூச்சைப் பிடி, விடாதே, முக்கு, முக்கு" என்று அவள் போடும் சத்தத்தில் வெளியே காத்திருக்கும் புருஷன்மார்களுக்கே வியர்த்துவிடும். அந்தத் தொண்டைக்குப் பயந்துதான் பிள்ளைகள் வெளியே வருகின்றன என்று டாக்டரம்மா கிண்டல் செய்வார். இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் அதை அவளும் பாதி நம்பிவிட்டிருந்தாள்.

ஒரு நாள் காலை தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. லீவு போட்டால் மாற்று ஆள் இல்லை, வந்துவிட்டாள்.

அன்றைக்கு வந்தவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். தலைப்பிரசவம். துணைக்கு நாத்தனார்.

"மல்லாந்து படுத்தா இடுப்பு பிளக்குதுக்கா. திரும்பிக்கவா?" என்றாள் வேன்காரி.

வேறு நாளாக இருந்தால் ஒரே அதட்டில் படுக்க வைத்திருப்பாள். இன்று அதட்ட வாயில்லை. குழந்தையின் துடிப்பைப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

வேன்காரி கட்டில்மேல் முட்டிபோட்டு, நிமிர்த்தி வைத்த தலைமாட்டைக் கட்டிக்கொண்டாள். வலி வந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழ, சின்னச் சின்னதாக முக்கினாள். நடுநடுவே மூச்சு விட்டாள். வலி போனதும் தலையணையில் கன்னத்தை வைத்துக் கண்ணயர்ந்தாள்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்களே, முக்கச் சொல்லுங்க" என்று நாத்தனார் பதறினாள். அக்கா உதட்டில் விரலை வைத்தாள். யாரும் சொல்லாமல் ஒருத்தி எப்போது முக்குவாள் என்பதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. பார்க்க ஆவலாக இருந்தது.

தலை தெரிந்தபோது, "எரியுது" என்று வேன்காரி அழுதாள். முக்காமல், தலையை மெதுவாக வெளியே விட வேண்டிய நேரம். அக்கா வாயைக் குவித்து ஊதிக் காட்டினாள். அதைப் பார்த்துத் தலைமாட்டில் நின்ற நாத்தனார் ஊதினாள், நாத்தனாரைப் பார்த்து வேன்காரி ஊதினாள். பெண் குழந்தை வழுக்கிக்கொண்டு அக்காவின் கைக்கு வந்தது.

எல்லாம் முடிந்து குழந்தை பால் குடிக்கும்போது அக்கா குனிந்து கிசுகிசுத்தாள். "எப்ப முக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நானா செய்யலக்கா. தும்மல் மாதிரி அதுவா வந்துச்சு."

குரல் திரும்பியதும் அடுத்து வந்தவளிடம், "எப்படி இருந்தா உனக்கு வசதி?" என்று கேட்டாள். அவளோ, "எனக்கு ஒண்ணும் புரியல சிஸ்டர், நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டாள். அக்கா பழையபடி கத்தினாள். அதற்கடுத்தவள் ஒருக்களித்துப் படுத்தே பெற்றாள். இன்னொருத்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு குந்தினாள்.

ஒரு மத்தியானம் வார்டு காலியாக இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி முட்டிபோட்டாள். துடைப்பத்தோடு வந்த ஆயா நின்றுவிட்டாள்.

"என்ன சிஸ்டர், ஏதாவது தொலைஞ்சிடுச்சா?"

"ரெண்டு பிள்ளையையும் மல்லாந்து கிடந்துதானே பெத்தேன். இப்படி இருந்தா இடுப்புல என்ன மாறுதுன்னு பாக்குறேன்."

ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "மாறுதா?"