வளையல் ஏறாத கை

வளைகாப்பு அன்னிக்கு என் கையில ஒரு வளையலும் ஏறல. என் கல்யாணத்துக்கு எடுத்த அளவைச் சொல்லி, மாமியார் எங்க ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான சிகாமட் கடைத்தெருவில வாங்கிட்டு வந்திருந்தாங்க. சோப்பு போட்டு இழுத்தாங்க, ரெண்டு மூணு உடைஞ்சுது.

அன்னிக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கல. இத்தனை வருஷமா ஒரு புழு பூச்சி இல்லையேன்னு என்னைக் கரிச்சுக் கொட்டினவங்க, தீட்டு நின்னதும் தலைகால் புரியாம ஆடினாங்க. நானும் ஆசைப்பட்டேன், இல்லைன்னு சொல்லல. மார்ல பால்கூடக் கசிஞ்சுது. ஆனா வயிறு மட்டும் அப்படியே இருந்துச்சு. கேட்டா, "ஆம்பளப் பிள்ளைன்னா வெளிய தெரியாது"ன்னாங்க. கை கால் தடிச்சு மெட்டி விரலைக் கடிச்சுது, அது பிள்ளைத்தாய்ச்சி வீக்கமாம். தலைவலி மண்டையைப் பிளந்துது, அது மசக்கையாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொயினா மாத்திரை குடுக்கப் போனாரு, மாசமா இருக்கான்னதும் அதையும் குடுக்காம அனுப்பிட்டாரு.

அதைவிடக் கொடுமை கண்ணு. பால் மரம் வெட்டப் போனா நேரா இருக்கற மரம் தெரியும், ரெண்டு பக்கமும் தெரியாது. பால் வடிஞ்ச மங்குக் கிண்ணங்களை எடுக்காமப் பாதிக்குப் பாதி விட்டுட்டு வருவேன். "கண்ணை எங்க அடகு வச்சே?"ன்னு கங்காணி கத்துவாரு. வீட்டில சொன்னா, பிள்ளை பொறந்தா சரியாயிடும்னாங்க. கண்ணு போகுதுன்னு கத்தறேன், காதுல வாங்க ஒரு நாதி இல்ல.

வளையல் உடைஞ்ச பயத்திலதான் என் வீட்டுக்காரர் ஜொகூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் என் கையைப் புரட்டிப் பாத்தாரு. காதுப் பக்கமிருந்து விரலை நகட்டி, எப்பத் தெரியுதுன்னு கேட்டாரு. தலையைப் படம் எடுத்தாங்க. மூளைக்கு அடியில மொச்சைக்கொட்டை அளவு ஒரு சுரப்பியாம், அதுல கட்டியாம். எனக்கு வந்த வகைக் கட்டி கை, கால், மூஞ்சியெல்லாம் பெருசாக்குமாம், தீட்டை நிறுத்துமாம், சிலருக்குப் பாலும் வருமாம். இன்னொரு வகை அதெல்லாம் செய்யாம சத்தமில்லாம வளருமாம். எதுவானாலும் பெருத்தா கண் நரம்பை நசுக்கிடுமாம்.

"முன்னமே வந்திருக்கணும்மா"ன்னாரு.

"நான் முன்னமே சொன்னேங்க"ன்னேன்.

கட்டி மேல எக்ஸ்ரே கதிர் வச்சதில தலைவலி குறைஞ்சுது. போன பார்வை போனதுதான்.

மாமியார் இன்னும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், வளையல் உடைஞ்சதாலதான் பிள்ளை தங்கலைன்னு சொல்லி அழறாங்க. பிள்ளையே இல்லைங்க அத்தை, அது கட்டிங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். என் கண்ணு போனதுக்கு அவங்க ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடல. பக்கத்திலயேதான் உக்காந்து அழறாங்க. அதைப் பாக்கக்கூட நான் முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருக்கு.