றஞ்சிதம் வலையைத் தாண்டாத நாள்

றஞ்சிதம் குளியலறைக்குள் இருந்து வலது முழங்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே சுற்றினாள். நான் கதவைத் தட்டாமல் உள்ளே போய், அதை அவிழ்த்து, கீழிருந்து மேலே சுற்றிவிட்டேன். இல்லாவிட்டால் வீக்கம் பாதத்துக்கு இறங்கும். முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்த எனக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"எடித்தக்கா, இவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"கேட்டால் சொல்லுவன். கேளாட்டிச் சொல்லன்."

'இவன்' அவளுடைய ஒரே மகன் கிறகரி. இடம் நோர்வேயில் பேர்கன் நகரம்; நானும் அதே நகரத்தில் வேறு தெருவில் இருப்பவள். றஞ்சிதம் மன்னார் கீரியைச் சேர்ந்தவள். வயது எழுபத்திரண்டு. புருசன் கரைவலை இழுத்த காலம் முழுக்க அவனுடைய மீனைக் காய வைத்துக் கருவாடாக்கி விற்றவள். அவன் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. மகனோடு ஒன்பது மாதம் தங்க விசா எடுத்து மார்ச்சில் வந்தாள். ஆனால் திரும்பிப் போக எடுத்த ரிக்கற் ஓகஸ்ட் நான்காம் திகதிக்கு. ஓகஸ்ட் பதினைந்து மடு மாதா கோயில் திருவிழா. அதற்கு ஒரு கிழமை முன்னரே அயலவரோடு கோயிலைச் சுற்றிய காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்குவது அவளுடைய வழக்கம்.

யூன் மாதம் மாடிப்படியில் முழங்கால் மடங்கி விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து கிறகரிக்கு ஒரே கதை: "இந்தக் காலோட தனிய விடமாட்டன். டிசம்பர் நத்தாருக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்."

இரண்டு கிழமை தாயும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ஊர் சுற்றிப் பார்ப்பது, மூன்று மியூசியம். மகன் இரவல் எடுத்த சக்கரக்கதிரையைத் தள்ளிக்கொண்டு கூடவே வருவான். அதில் ஒருமுறையும் ஏறி இருக்காமல் நாளைக் கடத்தினால் ஓகஸ்ட். இருந்தால் நத்தார். நான் சாட்சி.

முதல் மியூசியம் துறைமுகத்துப் பழைய மரவீடு. முன்னொரு காலம் வியாபாரிகள் கருவாடு அடுக்கி வைத்த இடம். கொக்கியில் தொங்கிய ஒரு பெரிய மீனை றஞ்சிதம் மூக்கருகே கொண்டுபோனாள்.

"உப்பே போடேல்லை."

"இஞ்ச உப்பில்லாமலே காய வைப்பினம், அம்மா. குளிரில காயும்."

"கீரியில இப்பிடிப் போட்டால் மூண்டாம் நாள் புழு. குளிர் செய்த வேலைக்கு இவை மியூசியம் வைச்சிருக்கினம்."

இரண்டாவது ஓவியங்கள் வைத்த கட்டிடம். சக்கரக்கதிரையில் இருக்கக்கூடாது என்பதுதான் பேச்சு. நீள வாங்கில் இருப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வோர் அறை நடுவிலும் மெத்தை போட்ட வாங்கு இருந்தது. றஞ்சிதம் ஒன்றையும் விடவில்லை. செம்மறியாடுகள் மேயும் ஒரு படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் இருந்தாள். காவலாளி மரியாதையோடு விலகி நின்றார். கிறகரி என் காதுக்குள், "அம்மாவுக்குப் படங்களில இவ்வளவு விருப்பமெண்டு எனக்குத் தெரியாது, மாமி" என்றான்.

வெளியே வந்து, படம் எப்படி என்று அவளைக் கேட்டேன்.

"வாங்கு நல்லது," என்றாள்.

மூன்றாவது மீன்பிடி மியூசியம். கடலோரத்துப் பழைய பண்டகசாலை அது. ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது அறைகள். அறைக்கு அறை மரப்படி, ஓரத்தில் சக்கரக்கதிரை போகச் சாய்வான பாதை. அம்புக்குறியைப் பார்த்துப் போனால் ஒன்பதாவது அறையில் வெளிவாசல். ஐந்தாம் அறைவரை அவள் நன்றாகத்தான் நடந்தாள். ஆறாம் அறையிலிருந்து அவள் காலை இழுத்து நடந்தது எனக்குத் தெரிந்தது, கிறகரிக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது அறையின் தரை கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே, சுவரிலிருந்து சுவர் வரை, மிதப்பும் ஈயமும் வைத்த ஒரு பழைய வலையை விரித்திருந்தார்கள். நான் என் பாட்டுக்குப் பாதித் தூரம் நடந்துவிட்டேன். பின்னால் சத்தமில்லை. திரும்பினால் றஞ்சிதம் வாசற்படியில் நிற்கிறாள்.

"தம்பி, உது வலையெல்லே?"

"ஓம் அம்மா. மேல கண்ணாடி இருக்கு. நடவுங்கோ."

"வலையைத் தாண்டமாட்டன்."

எங்கள் கரையில் பெண்கள் வலையைத் தாண்டுவதில்லை. விரித்துக் கிடந்தால் சுற்றித்தான் போவோம். தாண்டினால் மீன் படாது என்பார்கள்.

"இது மீன் பிடிச்சு நூறு வருசம், அம்மா."

"உன்ர அப்பரின்ர வலையையே ஒருநாளும் தாண்டாதவள், ஆரோ பெத்த பிள்ளையின்ர வலையைத் தாண்டுவனோ?" என்றவள், நடுக் கண்ணாடியில் நின்ற என்னைப் பார்த்தாள். "எடித்தக்கா, பேசாலையில இந்தமுறை மீன் படாட்டி உங்களைத்தான் கேப்பினம்."

பேசாலை என் ஊர். நான் மெதுவாகத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கிறகரியின் முகம் மலர்ந்துவிட்டது. சக்கரக்கதிரையை விரித்து, இருக்கையைத் தட்டிக் காட்டினான். "ஏறுங்கோ. கால் படாது, வலைக்கும் ஒண்டும் வராது. அரை நிமிசம் தள்ளிவிடுறன்."

அரை நிமிசத்தில் மடு போய்விடும். றஞ்சிதம் கதிரையைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள். வேறு வழி உண்டா என்று அங்கே நின்ற பணிப்பெண்ணிடம் கேட்டேன். வந்த வழியே முதலாம் வாசலுக்குப் போகலாம், ஆனால் எல்லா அறையையும் திரும்பக் கடக்கவேண்டும் என்றாள். நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் றஞ்சிதம் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அம்புக்குறிக்கு எதிராக, வருகிற சனத்துக்குள் புகுந்து நடந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே நோர்வேச் சொல் நன்றி என்பதற்கான 'தக்'. "தக், தக்" என்று சொல்லிச் சொல்லி ஆட்களை முழங்கையால் விலக்கினாள். ஏன் நன்றி சொல்கிறாள் என்று விளங்காமலே எல்லாரும் வழி விட்டார்கள். பின்னால் கிறகரி வெறுங்கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

நாலாம் அறைப் படியில் முழங்கால் மடங்கியது. கைப்பிடியில் தொங்கி நின்றாள். கிறகரி பாய்ந்து வந்து தாங்கினான்.

"போதும், அம்மா. பந்தயமும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், இருங்கோ!"

"நீ கதிரையைக் கொண்டு அங்கால போ."

பக்கத்தில் ஒரு மீன்பெட்டி இருந்தது, காட்சிப்பொருள்தான். அதில் குந்தி மூச்சு வாங்கினாள். பணிப்பெண் வந்து பார்த்தாள். பிறகு 'தொடாதீர்கள்' என்ற பலகையை மறுபக்கம் திருப்பிவிட்டுப் போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் றஞ்சிதம் எழும்பினாள். முதலாம் வாசலால் வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது.

கிறகரி என் பக்கம் திரும்பினான். "மாமி, நீங்கள் சொல்லுங்கோ. உண்மையில அந்தக் கால் எப்பிடி?"

"வீங்கியிருக்கு. காலமை பட்டி கட்டித்தான் வந்தவ."

"யூதாசு," என்றாள் றஞ்சிதம்.

"பொறு, நான் முடிக்கேல்லை. வீக்கம் இருக்கு, ஆனா எலும்பில பிழையில்லை. பிளேனில நடக்கிறேல்லை, இருக்கிறதுதான். ஒவ்வொரு எயார்போட்டிலயும் சக்கரக்கதிரை குடுப்பாங்கள். அதில இருக்கச் சம்மதமெண்டால் போகலாம்."

"பந்தயம் இண்டைக்கு மட்டும்தானே," என்றாள் அவள் உடனே.

கிறகரி விடவில்லை. "போய்ச் சேர்ந்தால் சரியோ? மடுக் காட்டுக்குள்ள விழுந்தால் ஆர் பாக்கிறது?"

"எங்கட கொட்டில்ல பன்னிரண்டு பேர், மோனே. உன்ர வீட்டில பகல் முழுக்க நான் ஒருத்தி. படியில விழுந்த அண்டைக்கு நீ வந்து தூக்கேக்க நேரம் என்ன?"

ஐந்தரை மணி. அவள் விழுந்தது பதினொன்றுக்கு. அவன் கதிரையை மடித்துக் காருக்குள் வைத்தான்.

மறுநாள் காலை நான் போய்ப் பட்டியை அவிழ்த்துப் பார்த்தேன். ஐஸ் வைத்ததில் வீக்கம் பாதி இறங்கியிருந்தது. படுத்தபடி காலை நீட்டித் தூக்கும் பயிற்சி, காலையில் இருபது, மாலையில் இருபது என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கிறகரி ரிக்கற்றை மாற்றவில்லை. கணினிக்கு முன்னால் இருந்து ஒஸ்லோவிலும் டோகாவிலும் கொழும்பிலும் தாய்க்குச் சக்கரக்கதிரை கேட்டுப் பதிந்துகொண்டிருந்தான்.

"கொழும்பில வேண்டாம்," என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "அங்க தெரிஞ்ச சனம் நிக்கும்."

அவன் கொழும்பையும் சேர்த்தே பதிந்தான்.