பிள்ளையார் தொப்பையும் தலை திரும்பும் ப்ளாஷும்

போட்டோ தொழிலில் படம் நன்றாக வந்தால் கேமராவுக்குப் பேர், மோசமாக வந்தால் நமக்குத் திட்டு. இரண்டுக்கும் நடுவே ஓசைப்படாமல் நம் பர்ஸைக் காலி செய்வது ப்ளாஷ். கடைசிப் பந்தியில் குழம்பு தீர்ந்த பிறகு ரசத்தையும் அப்பளத் தூளையும் வைத்தே சாப்பிட்டுப் பழகிய என் இனத்தவர்களே, இது உங்களுக்காகத்தான். தாராளமாகச் சிரியுங்கள், நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சாமி வயிற்றில் வெளிச்சம்

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. காதுகுத்து, வளைகாப்பு, பாஸ்போர்ட் சைஸ் என்று வண்டி ஓடுகிறது. ஒரு திங்கட்கிழமை, செராமிக் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் செல்வி அக்கா வந்தார். அவரிடம் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். இத்தனை வருஷமும் புரோக்கர் வைத்ததுதான் விலை. இப்போது முதல்முறையாக பெங்களூர் வியாபாரி ஒருவர் அவரிடமே நேராகப் படம் கேட்டிருக்கிறார். பிடித்துவிட்டால் கொலுவுக்கு மொத்தமாக எடுத்துக்கொள்வாராம். வெள்ளிக்கிழமைக்குள் படம் போயாக வேண்டும். "இது கெடைச்சா தீபாவளி வரைக்கும் ஆறு பேருக்கும் வேலை இருக்கும், நிம்மி. இல்லன்னா திரும்ப அந்த புரோக்கர் வாசல்லதான் நிக்கணும்" என்றார் அக்கா. அன்றைக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

கேமராவோடு ஒட்டிப் பிறந்த குட்டி ப்ளாஷை வைத்தே பட்டறையில் எடுத்துத் தள்ளினேன். பொம்மைக்கு மேலே இருப்பது கண்ணாடி மாதிரி பளபளக்கும் பூச்சு. விளைவு, பிள்ளையார் தொப்பையில் ஒரு வெள்ளைப் புள்ளி, சரஸ்வதி மூக்கில் ஒன்று, கிருஷ்ணனுக்கு வெண்ணெய்ப் பானையில் ஒன்று. நான் இடது பக்கம் நகர்ந்தால் புள்ளியும் கூடவே நகர்ந்தது. பொம்மைக்கு வர்ணம் தீட்டும் முத்துலட்சுமி கேமராவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, சாமி ட்யூப்லைட்ட முழுங்கிட்டாரா?"

கடைக்காரர் சொன்ன டீ

மறுநாள், கல்யாணங்களில் என்னோடு வீடியோ எடுக்கும் தனசேகர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு நெய்வேலி கேமரா கடைக்கு பஸ் ஏறினேன். கேமராவின் தலையில் தனியாக மாட்டுகிற ப்ளாஷ் வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது என்றேன். கடைக்காரர் முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். வெளிச்சத்தை அதுவே அளந்து, அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளுமாம். விலையைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு டீ சொன்னார். விலையைக் கேட்டதும் அந்த டீ எதற்கு என்று புரிந்துவிட்டது.

அடுத்து, இருப்பதிலேயே மலிவானதைக் காட்டினார். ஆஹா என்று கை நீட்டினேன். தனசேகர் அண்ணன் அதன் தலையைப் பிடித்துத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. "இதுவும் நேராத்தான் அடிக்கும். அந்தப் புள்ளி இன்னும் பெருசாத்தான் வரும்" என்றார். தலை மேலேயும் பக்கத்திலும் திரும்ப வேண்டும். அப்போதுதான் வெளிச்சத்தைக் கூரையிலோ சுவரிலோ அடித்து, பரவி மெதுவாகத் திரும்பி வர வைக்கலாம். தானாக அளக்கிற வித்தை இல்லாவிட்டால் பரவாயில்லை, கையாலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பொம்மை எங்கேயும் ஓடிவிடாது. அப்படி ஒன்று கடையின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. நான் அதற்கும் பேரம் பேசினேன். கடைக்காரர் கும்பிட்டுவிட்டார்: "மேடம், நீங்க கேக்கற விலைக்கு வெளிச்சம் மட்டும்தான் வரும், டப்பா வராது."

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வெள்ளோட்டம்

புதன்கிழமை ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம். புது ப்ளாஷைத் தூக்கி மாட்டி, தலையை நிமிர்த்தி, மண்டபத்துக் கூரையைப் பார்த்து அடித்தேன். வெளிச்சம் பூ மாதிரி வந்து விழுந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு நிழல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயர் முதல் நாதஸ்வரக்காரர் வரை யாரையும் விடாமல் எடுத்துத் தள்ளினேன். அந்தக் கூரைக்கு அடித்திருந்தது நல்ல மாம்பழ மஞ்சள் பெயின்ட் என்பதைத்தான் கவனிக்கவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லோரையும் குணப்படுத்திக் கொடுத்தேன் என்பது வேறு கதை. அதற்குள் பெண்ணின் சித்தப்பா கேமராவில் படங்களைப் பார்த்துவிட்டார்: "படமெல்லாம் அருமையா இருக்குதுங்க. ஆனா மஞ்சக்காமாலை மாப்பிள்ளைக்கு மட்டுமா, இல்ல எங்க வூட்டுக்கே வந்துடுச்சா?"

வேட்டி தந்த வள்ளல்

வியாழக்கிழமை ப்ளாஷோடும் தனசேகர் அண்ணனோடும் பட்டறைக்குப் போய் மேலே பார்த்தால், கூரை எட்டாத உயரத்தில் தகரமாக இருந்தது. அதுவும் சூளைப் புகையில் கன்னங்கரேலென்று. அங்கே அடித்த வெளிச்சம் திரும்பியே வரவில்லை. வெள்ளையாக ஏதாவது வேண்டுமே என்று கையைப் பிசைந்தேன். அங்கிருந்த ஒரே பெரிய வெள்ளைத் துணி தனசேகர் அண்ணன் இடுப்பில் இருந்தது. நல்லவேளை, உள்ளே அரைக்கால் டவுசர் போட்டிருந்தார். ஆறு பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள். மகராசன், கொஞ்சமும் யோசிக்காமல் அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

வெளிச்சம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆனால் பொம்மை மேலிருக்கும் அந்தப் பூச்சு எதிரில் இருப்பதையெல்லாம் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். தொப்பையின் குறுக்கே வேட்டிக் கரை இரண்டு வர்ணத்தில் பளிச்சென்று தெரிந்தது. செல்வி அக்கா பதறிப்போனார்: "ஐயையோ, எங்க பிள்ளையார எந்தக் கட்சியிலயும் சேத்துடாதீங்கப்பா!"

முற்றத்தில் காய்ந்த சுவர்

மணி மூன்றாகிவிட்டது. நான் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பொம்மைகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

"வெள்ளையா, பளபளப்பு இல்லாம வேணும், அவ்வளவுதானே?" என்று எழுந்து வெளியே போனார் முத்துலட்சுமி. பொம்மை வார்க்கிற அச்சுகள் முற்றத்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. புதிதாகச் செய்தவை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தவை, செங்கல் மாதிரி சதுரம், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஆறு பேரும் வரிசையாக நின்று கைமாற்றி உள்ளே கொண்டுவந்து, பொம்மையின் மூன்று பக்கமும் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிவிட்டார்கள். நான் ப்ளாஷின் தலையை அந்த அச்சுச் சுவர் பக்கம் திருப்பி அடித்தேன். அடடா! பிள்ளையார் தொப்பை தொப்பையாகவே இருந்தது. நான் குதித்த குதியில் சரஸ்வதி விழப் பார்த்தாள். தனசேகர் அண்ணன்தான் தாங்கிப் பிடித்தார். முத்துலட்சுமி கையைத் தட்டித் தூசியை உதறினார்: "இதுக்குப் போயி நெய்வேலி வரைக்கும் போனீங்களா?"

பெங்களூர் கூப்பிட்டது

வெள்ளிக்கிழமை காலையில் படங்களை அனுப்பினோம். மத்தியானம் பெங்களூரிலிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் சுற்றி நின்றோம். "மேடம், இது கம்ப்யூட்டர் போட்ட படம். இவ்ளோ சுத்தமா நிஜப் பொம்மை இருக்காது. இப்பல்லாம் நெறைய பேர் ஏஐ வச்சு ஏமாத்தறாங்க" என்றது குரல். எனக்கு உயிரே போய்விட்டது. நன்றாக எடுத்ததா ஐயா என் குற்றம்?

அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. போனை வீடியோவுக்கு மாற்றி, பிள்ளையாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொட்டை வெயிலுக்குப் போனார். பொம்மையை போனுக்கு நேரே காட்டி விரலால் சுண்டினார். விரிசல் இல்லாத பொம்மை கணீரென்று ஒலிக்கும், இதுவும் ஒலித்தது. "கேட்டுதுங்களா? உங்க கம்ப்யூட்டரு இப்படிச் சத்தம் போடுமா?" அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு சூளை எத்தனை, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரணை. புரோக்கர் யாரும் நடுவில் இல்லாமல் அக்கா அரை மணி நேரம் பேசினார். அத்தனை பொம்மைக்கும் ஆர்டர் வந்துவிட்டது! முற்றத்தில் ஒரே கூச்சல். நான் மட்டும் ப்ளாஷைப் பையில் வைத்துக்கொண்டு, என் படத்தால் ஒன்றும் ஆகவில்லையே என்று முணுமுணுத்தேன். அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்: "அட பைத்தியமே, நீ சுமாரா எடுத்திருந்தா அந்தாளு பாத்துட்டு சும்மா இருந்திருப்பான், நல்லா எடுத்ததாலதான் சந்தேகப்பட்டு எனக்கே போன் பண்ணான்!"

ஆகவே மலிவான ப்ளாஷ் எது என்று கேட்கிறவர்களுக்கு மொட்டை வெயில் என்பதுதான் நேர்மையான பதில், ஆனால் நம் பிழைப்பும் நடக்க வேண்டும் என்பதால் தலை திரும்புகிறதாகப் பார்த்து ஒன்று வாங்கிவிடுங்கள்.