சாக்குக்குள் கத்திய குட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் பக்கத்துப் பால்வாடி டீச்சர்மார் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளை கடித்தாலோ, மண்ணை அள்ளி எறிந்தாலோ, கதவைத் திறந்துகொண்டு ஓடினாலோ அவர்கள் எனக்குத்தான் போன் போடுவார்கள். கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் கிடக்கிற ஊர்களுக்கு ஸ்கூட்டியில் போய், சேட்டை பண்ணுகிற பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பயிற்சித் தாள் ஒன்று பையில் எப்போதும் இருக்கும். பிள்ளையின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து பேசு, எந்த நேரத்தில் கடிக்கிறது என்று கவனி, பயமுறுத்தாதே. இதையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டுகிறவளே நான்தான்.

அந்த மாசியில் ஒரு டீச்சர் கூப்பிட்டாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண். போய்ப் பார்த்தால் அவள் மணிக்கட்டில் பல் பதிந்து கன்றிப்போயிருந்தது. கடித்தது நாலு வயதுப் பெண்பிள்ளை. அதன் அம்மா காலையில் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அன்றைக்கு இன்னொரு பிள்ளையின் கன்னத்தையும் கடித்து வைத்திருந்தது. கடிபட்ட பிள்ளையின் தாய் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போயிருந்தாள்.

"என்னால ஏலல மேடம். பிடிக்கப் போனா என்னையவும் கடிக்கா. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்று டீச்சர் அழுதாள்.

தாளில் உள்ளபடி நானும் அந்தப் பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அது என் முகத்திலேயே துப்பியது. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. சரியாக அந்த நேரம் வெளியே ஆட்டு மணிச் சத்தம். அறுப்பு முடிந்த காட்டில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துப் போடுகிற கிடைக்காரர் ஒருவர் மந்தையோடு போய்க்கொண்டிருந்தார். தோளில் ஒரு சாக்கு. அன்றைக்குப் பிறந்த குட்டி மந்தையோடு நடக்காது, அதைச் சாக்கில் போட்டுத்தான் தூக்கிப் போவார்கள். உள்ளே கிடந்த குட்டி உதைத்துக்கொண்டு, கைக்குழந்தை மாதிரியே கத்தியது.

நான் பிள்ளையை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனேன். "அங்கன பாருட்டி. அந்தத் தாத்தா சாக்குல என்ன கிடக்குன்னு தெரியுமா? கடிக்கிற பிள்ளை. கத்துது, கேக்குதா? அடுத்து உன்னையத்தான் கேட்டிருக்காரு."

பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. சுவரோடு ஒட்டி உட்கார்ந்ததுதான், நான் கிளம்புகிறவரைக்கும் அசையவில்லை.

"தாள்ல இது இல்லையே மேடம்" என்றாள் டீச்சர்.

"தாள் கிடக்கு. முள்ளை முள்ளாலதான் எடுக்கணும். இனிமே சேட்டை பண்ணினா சாக்குத் தாத்தான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்று சொல்லிவிட்டுப் பெருமையோடு வண்டியை எடுத்தேன்.

மறுவாரம் அவளே போன் செய்து, பிள்ளை பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டதாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேறு இரண்டு ஊர் டீச்சர்களுக்கும் இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகல். கோவில்பட்டியில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், பிள்ளையக் காணும்."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. எழுதினதை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வண்டி மூன்று தடவை அணைந்துபோனது. அந்தப் பால்வாடிக்குப் பின்னால் இரண்டு புஞ்சை தள்ளி ஒரு கிணறு இருக்கிறது. சுற்றுச்சுவர் கிடையாது. போகும்போதெல்லாம் பார்த்து, யாரிடமாவது சொல்லி ஒரு வேலியாவது போடச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், கடம்பூர் போளி வாங்குகிற அவசரத்தில் மறந்துவிடுவேன். வழி நெடுக அந்தக் கிணறுதான் கண்ணுக்குள் நின்றது.

போய்ச் சேர்ந்தபோது ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. கிணற்றுக்குப் போகிற வண்டிப்பாதையில் சின்னச் செருப்பு ஒற்றையாகக் கிடந்ததாம். ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். காட்டைச் சுற்றித் தேடுகிறவர்களில் அந்தக் கிடைக்காரரும் இருந்தார். அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

"ஏ பாப்பா! எங்கன இருக்க? தாத்தா கூப்புடுதேன், வா தாயி!"

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துப் புஞ்சையில நேத்து ராத்திரி கிடை போட்டிருக்காவ மேடம். காலையில இருந்து ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுட்டு வாரதுக்குள்ள ஆளைக் காணும்." பிறகு என் காதோடு சொன்னாள்: "சாக்கு விஷயத்தை நான் யாருட்டயும் சொல்லல."

எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

கிணற்றுக்குள் இருந்து குரல் வந்தது. "ஒண்ணும் தட்டுப்படல. அடியில சகதியா கிடக்கு. இன்னொரு தடவை முங்கிப் பாக்கேன்."

கிடைக்காரர் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டே கிட்டத்தில் வந்தார். அவர் வரவரத்தான் எனக்கு உறைத்தது. பிள்ளை உயிரோடு இருந்தால், இந்தக் குரல் கேட்கிறவரைக்கும் வாயைத் திறக்காது. வெயில் ஏறிக்கொண்டே போகிறது. எந்தப் பொந்துக்குள் கிடக்கிறதோ, பக்கத்தில் என்ன ஊர்கிறதோ.

சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். வேலை போகும், ஊர்க்காரர்கள் தூக்கிப்போட்டு மிதிப்பார்கள் என்று அந்தத் தண்ணீரைக் குடிக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் நினைத்துவிட்டேன். அதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பிள்ளையின் அம்மா இறங்கி ஓடிவந்தாள். விரல்களில் தீப்பெட்டிக்குத் தடவிய பசை காயாமல் இருந்தது. கிணற்றைப் பார்த்து அவள் பாய, இரண்டு பெண்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் முன்னாலேயே சொன்னேன்.

"அண்ணாச்சி, கூப்பிடாதீங்க. நீங்க கூப்பிட்டா அவ வரமாட்டா. உங்க சாக்குல பிள்ளைகளைப் பிடிச்சிட்டுப் போவீங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

கிடைக்காரர் தோளில் கிடந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுலயா? ஏன் தாயி, எத்தனை குட்டியை இதுல போட்டுக் காப்பாத்தியிருக்கேன். பச்சப்பிள்ளைக்கு என்னையவா பூச்சாண்டி காட்டுனிய?"

பிள்ளை பயம் தெளிந்து வரட்டும் என்று அவர் கிடையைக் கலைத்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே நடந்தார். மணிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. எல்லோரையும் பேசாமல் இருக்கும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு, செருப்பு கிடந்த பாதையில் தனியாக நடந்தேன்.

"ஏட்டி, தாத்தா போயிட்டாரு. டீச்சர் பொய் சொன்னேன்டி. சாக்குல கிடந்தது ஆட்டுக்குட்டி. வெறும் ஆட்டுக்குட்டி."

ஒன்றும் இல்லை. குரல் கம்மிப்போகிறவரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஓடைக்கு மேலே பாதை ஏறுகிற இடத்தில் என் காலுக்குக் கீழே ஒரு இருமல் கேட்டது.

தண்ணீர் போவதற்குப் பாதைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் பதித்திருந்தார்கள். பிள்ளையைக் காணோம் என்றதில் இருந்து ஊரே அதன் மேல்தான் போய்வந்துகொண்டிருந்தது. கரிசல் மண்ணில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன். இரண்டு கண் தெரிந்தது. கையை நீட்டினேன். என் உள்ளங்கையைப் பிடித்துக் கடித்தது பாருங்கள், உயிர் போகிற கடி!

"கடிடி" என்றேன். "நல்லாக் கடி."

கடித்த வாயோடு மெல்ல வெளியே இழுத்தேன். உடம்பெல்லாம் புழுதி, கவுன் நனைந்திருந்தது. அவள் அம்மா வந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னை அடிப்பாள் என்று நினைத்து நின்றேன். அவள் பிள்ளையின் முகத்துப் புழுதியை முந்தானையால் துடைத்தாள். நான்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

பிள்ளை ஆடுகள் போன திசையைப் பார்த்தது. அம்மாவின் இடுப்பில் இருந்து சறுக்கி இறங்கி என் பக்கத்தில் வந்து, மண் ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தியது.

"சத்தம் போடாதீங்க டீச்சர்" என்றது ரகசியமாக. "தாத்தாவுக்குக் கேட்டுரும். உங்களையும் சாக்குல போட்டுருவாரு."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் அம்மாவுக்கு அழுகை வந்தது. பிள்ளை பதறிப்போய் மற்றக் கையால் அவள் வாயையும் பொத்தியது.