கத்தரிப்பூ நிறப் படகு

நீடாமங்கலத்தில் வெண்ணாற்றங்கரைப் புறம்போக்கில் கார், பைக்குகளுக்குப் பாலிஷ் போடும் கொட்டகை வைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதை விட்டால் பிழைப்பில்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் அந்தப் புறம்போக்குக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்களும் மாறுவார்கள். கரையில் ஜீப் சத்தம் கேட்டாலே கொட்டகையைப் பிரிக்க வந்துவிட்டார்கள் என்று மெஷினைத் தூக்கி ஒளித்துவைப்பேன். பால் வண்டிக்கும் ஒளித்திருக்கிறேன்.

ஒருநாள் நிஜமாகவே ஜீப் வந்தது. இறங்கியவர் வருவாய் ஆய்வாளர். பின்னால் டிராக்டரில் ஒரு பைபர் படகு.

"அமைச்சர் பார்வையிட வர்றாரு. படகு பளபளன்னு இருக்கணும். செஞ்சு குடு, உன் கொட்டகைப் பக்கம் யாரும் வர மாட்டாங்க."

வெள்ளத்தில் ஆட்களை மீட்க வாங்கிய படகு அது. தண்ணீரைப் பார்த்ததே இல்லை. சங்கிலிப் பூட்டின் சாவியைத் தேடி எடுப்பதற்குள் ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்துவிடும். வெயிலில் கிடந்து கிடந்து மேல்பூச்சு செத்துப்போயிருந்தது. தொட்டால் விபூதி மாதிரி வெள்ளைப்பொடி கையில் ஒட்டியது.

கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் பூச்சு போய் உள்ளே நார் தெரிந்துவிடும் என்று பயந்து பயந்துதான் வேலை செய்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பர் என்கிற நைசான உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்டு தடவி மெஷினை ஓட்டினேன். மெழுகு ஏற்றியதும் படகில் என் முகம் தெரிந்தது. முகத்தைப் பார்த்தேனே தவிர நிறத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆய்வாளர் பார்த்தார்.

"யோவ், என்னய்யா இது, கத்தரிப்பூ கலரு?"

அப்போதுதான் உறைத்தது. போன ஆட்சியில் மதகு, நிழற்குடை, கைபம்பு எல்லாவற்றுக்கும் இந்த நிறம்தான். இப்போதைய ஆட்சிக்காரர்கள் வந்ததும் தேடித்தேடி அழித்தார்கள். படகு மட்டும் தானாகவே வெளுத்துத் தப்பியிருந்தது.

"நான் அடிக்கலைங்க சார். உள்ள இருந்தது வெளில வந்துருக்கு."

"அப்ப உள்ளயே போகச் சொல்லு. மத்தியானம் அமைச்சர் வர்றாரு."

"வெளுக்கணும்னா வருஷக்கணக்கா வெயில் வேணுமேங்க!"

"கொட்டகை வேணுமா, வேணாமா?"

சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்து, ஏற்றிய பளபளப்பை நானே கீறி இறக்கினேன். பொடியைத் துடைக்காமல் அப்படியே விட்டேன். சோறு கொண்டுவந்த என் மனைவி பார்த்துவிட்டு, "பொண்ண ஜோடிச்சு மூஞ்சில சாம்பலப் பூசுறீங்களே, புத்தி கித்தி கலங்கிடுச்சா?" என்றாள்.

அமைச்சர் வந்தார். படகைத் தடவி, விரலில் ஒட்டிய பொடியைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"பாத்தீங்களா, போன ஆட்சியோட லட்சணத்த!"

கூட்டம் கைதட்டியது. ஆய்வாளர் என்னைப் பார்த்ததால் நானும் தட்டினேன்.

"புதுப் படகு வாங்கறோம். அத நிறுத்த ஆத்தங்கரையிலயே ஷெட்டு கட்டறோம்!"

அதற்கும் தட்டினேன்.

அடுத்த வாரம் ஆய்வாளர் அளவு டேப்போடு வந்தார். கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஷெட்டுக்கு இந்த எடந்தான் தோதா இருக்கு. சாமானையெல்லாம் ஒதுக்கிக்க. கவலப்படாத, புதுப் படகுக்கும் பாலிஷ் வேல உனக்குத்தான்."

"எங்க வச்சுங்க சார் போடறது?"

"அது கெடக்கட்டும். டேப்போட இந்த முனையக் கொஞ்சம் புடி."

பிடித்தேன்.